நேர்குடற் புற்றுநோயும் நிணநீர்க்கணுக்களும்: முன்கணிப்பின் வரலாறு

நோயுற்றவன் வைத்தியனிடம் கேட்கும் வினாக்கள் இரண்டு. "என் நோய் யாது?" என்பது ஒன்று, "யான் பிழைப்பேனோ?" என்பது மற்றொன்று. முதலாவது வினாவுக்கு விடை காணும் முயற்சி மிகப் பழமையானது. இரண்டாவது வினாவுக்கோ அனுபவமும் ஆறுதல் மொழியுமே நெடுங்காலம் விடையாக நின்றன. நோயின் முடிவை முன்னறிந்து கூறும் முன்கணிப்பு, எண்ணையும் அளவையும் துணையாகக் கொண்ட அறிவுத்துறையாக உருப்பெற்றது அண்மைக் காலத்திலேயாம். அம்மாற்றம் தெளிவாக நிகழ்ந்த இடங்களுள் ஒன்று நேர்குடற் புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சி. ஆங்கு வழிகாட்டியாய் அமைந்தவை, அவரை விதையளவினவும் அதனினும் மிகச் சிறியனவுமாகிய நிணநீர்க்கணுக்களே. அவற்றைப் பொறுமையுடன் தேடி, எண்ணி, குறித்து வைத்தோரின் உழைப்பு மருத்துவ வரலாற்றில் அறியத்தக்க ஓர் அதிகாரமாகும்.

நிணநீரின் வழி

பெருங்குடலின் இறுதிப் பகுதியாகிய நேர்குடல் ஏறத்தாழ 15 சதமமீற்றர் நீளமுடையது. இடுப்பெலும்புக் கூட்டினுள்ளே அது கொழுப்பாலாகிய ஓர் உறையினாற் சூழப்பட்டிருக்கின்றது. அவ்வுறையினுள்ளே குருதிக்கலன்களும், நிணநீர்க்கலன்களும், அவற்றின் வழியில் இடையிடையே அமைந்த கணுக்களும் உள்ளன. இழையங்களிலிருந்து வடியும் நிணநீர் இக்கணுக்களினூடாக வடிகட்டப்பெற்று, நேர்குடலின் மேல்நாடியைப் பின்பற்றி மேனோக்கிச் செல்கின்றது. புற்றுநோய்க் கலங்கள் தாம் தோன்றிய இடத்தை விட்டு நீங்குங்கால் இவ்வழியே அவற்றுக்கும் வழியாகின்றது.

நிணநீர்த் தொகுதி பற்றிய அறிவு படிப்படியாகவே வளர்ந்தது. இத்தாலியரான காஸ்பரே அசெல்லி 1622இல் நாயொன்றின் வயிற்றைத் திறந்து ஆராய்ந்தபோது, பால்போன்ற நீர் நிறைந்த நுண்குழாய்களைக் கண்டார். தென்மார்க்கைச் சேர்ந்த தோமஸ் பார்த்தொலின் 1653இல் இத்தகைய குழாய்கள் உடலின் ஏனைய பகுதிகளிலும் உள்ளனவெனக் காட்டி, நிணநீர்க்கலன்கள் என அவற்றுக்குப் பெயரிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்துச் சத்திரவைத்தியரான அன்றி லெ துரான், புற்றுநோய் முதலில் ஓரிடத்து நோயாகவே தோன்றிப் பின்னர் நிணநீர் வழியாகப் பரவுகின்றதென்றும், கணுக்களை அடைந்த நோய் குணமாதல் அரிதென்றும் உரைத்தார். கருத்து சரியானதே, ஆயின் அதனை எண்ணால் நிறுவுதற்கு வேண்டிய கருவிகளும் முறைகளும் அக்காலத்தில் இருக்கவில்லை.

சத்திரசிகிச்சையின் தொடக்கம்

நேர்குடற் புற்றுநோயை வெட்டி அகற்றி வெற்றிகண்ட முதல்வர் என வரலாற்றாசிரியர் கொள்ளுபவர் பாரிஸ் நகரத்து ஜாக் லிஸ்பிராங்கு என்பவர். அவர் அதனைச் செய்த 1826ஆம் ஆண்டிலே மயக்கமருந்து இல்லை. கிருமியகற்றும் முறையும் இல்லை. குதத்தின் பக்கமாகக் கீழிருந்து அணுகிக் கைக்கெட்டிய அளவே அகற்ற முடிந்தது. 1846இல் ஈதர் மயக்கமும், 1867இல் லிஸ்டரின் கிருமியகற்றும் முறையும் வந்தபின் சத்திரவைத்தியரின் துணிவு பெருகிற்று. ஜேர்மனியரான பவுல் கிறாஸ்கே 1885இல் முதுகெலும்பின் அடிப்பகுதியை ஓரளவு அகற்றிப் பின்புறமாக நேர்குடலை அணுகும் முறையை வெளியிட்டார். நோயாளர் பலர் சத்திரசிகிச்சைக்குப் பின் உயிர்பிழைத்தனர். ஆயினும் சில திங்களிலோ ஓரிரண்டு ஆண்டுகளிலோ நோய் மீண்டும் தலைகாட்டிற்று. கட்டி அகற்றப்பட்டும் நோய் அகலாமைக்குக் காரணம் யாது என்பதே அக்காலத்து வினா.

இவ்வினாவை நேர்மையுடன் எதிர்கொண்டவர் இலண்டனிற் பணியாற்றிய வில்லியம் ஏர்னெஸ்ற் மைல்ஸ் (1869–1947). அவர் கீழ்வழியாகச் செய்த சத்திரசிகிச்சைகளுள் 57 நோயாளரின் பின்வரலாற்றை ஆராய்ந்தார். அவருள் 54 பேருக்கு நோய் மீண்டு வந்திருந்தது. தம் தோல்வியை இவ்வளவு வெளிப்படையாக எண்ணிக் காட்டிய சத்திரவைத்தியர் அக்காலத்திற் சிலரே. இறந்தோரின் உடல்களைத் திறந்து பார்த்தபோது, கீழ்வழிச் சத்திரசிகிச்சை எட்டாத இடங்களிலே, சிறப்பாக மேலுள்ள நிணநீர்க்கணுக்களிலே, நோய் எஞ்சியிருந்ததை அவர் கண்டார்.

இதிலிருந்து மைல்ஸ் ஒரு கொள்கையை வகுத்தார். நோய் மேனோக்கியும், பக்கவாட்டிலும், கீழ்நோக்கியும் என மூன்று திசைகளிற் பரவுகின்றது. ஆதலின் மூன்று பகுதிகளையும் ஒருங்கே அகற்றுதல் வேண்டும் என்பது அக்கொள்கை. 1908இல் 'லான்செற்' இதழில் அவர் வெளியிட்ட சத்திரசிகிச்சை வயிற்றின் வழியாகவும் கீழிருந்தும் செய்யப்படுவது. நேர்குடல் முழுவதும் குதத்தோடு நீக்கப்பட்டது. மலம் வெளியேறுதற்கு வயிற்றின் முன்சுவரிலே நிலையான செயற்கை வாயில் அமைக்கப்பட்டது. முதற் பன்னிரண்டு நோயாளருள் ஐவர் சத்திரசிகிச்சையின் விளைவாக இறந்தனர். விலை பெரிது, எனினும் நோய் மீளாமை என்னும் பயன் அதனினும் பெரிதெனக் கருதப்பட்டது. பல ஆண்டுகளாக உலகெங்கும் இம்முறையே சிறந்ததெனப் போற்றப்பட்டது.

சென் மார்க்ஸ் வைத்தியசாலை

மைல்ஸ் அவர்களின் கொள்கை முற்றிலும் சரியானதா என்பதைச் சோதிக்கும் பணி இலண்டனில் உள்ள வேறொரு வைத்தியசாலையில் நிகழ்ந்தது. பிறெடரிக் சல்மன் என்னும் சத்திரவைத்தியர் 1835இல் ஏழு படுக்கைகளுடன் ஏழைகளுக்கென அதனைத் தொடங்கினார். குதத்தையும் நேர்குடலையும் பற்றிய நோய்களை வாய்விட்டுக் கூறவும் மக்கள் நாணினர். வைத்தியருட் பலரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கன்ஸ் 1841இல் மயக்கமருந்தின்றிச் சத்திரசிகிச்சை பெற்றதும் இந்தச் சல்மனிடமே. அவ்வைத்தியசாலை 1854ஆம் ஆண்டு மாற்குவின் திருநாளன்று சிட்டி றோட்டிலே புதிய கட்டடத்தில் திறக்கப்பட்டமையாற் சென் மார்க்ஸ் எனப் பெயர் பெற்றது.

1922இல் அவ்வைத்தியசாலையின் நோயியலறிஞராகக் கத்பேட் டியூக்ஸ் (1890–1977) பொறுப்பேற்றார். சத்திரவைத்தியர்கள் அகற்றிய நேர்குடற் பகுதிகள் அனைத்தும் அவரது ஆய்வுகூடத்துக்கு வந்தன. பிறர் அவற்றில் ஒரு சிறு துண்டை நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கி நோயின் பெயரைக் கூறுவதோடு அமைவர். டியூக்ஸ் அவ்வாறு அமையவில்லை. கட்டி குடற்சுவரின் எப்படலம் வரை சென்றுள்ளது, சுவரைக் கடந்து கொழுப்பினுட் புகுந்துள்ளதா, கணுக்களுள் எவை நோயுற்றன, எவை நோயுறவில்லை என்பன அனைத்தையும் அவர் ஆராய்ந்தார். கொழுப்பினுள் மறைந்திருந்த கணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் நுணுக்குக்காட்டியால் நோக்கி, அதன் இடத்தைப் படத்திற் குறித்து வைத்தார்.

இவ்வுழைப்பில் அவருக்குத் துணைநின்றவர் எச். ஜே. ஆர். பஸ்ஸி. பதினேழு வயது இளைஞனாக 1924இல் ஆய்வுகூட உதவியாளராய்ச் சேர்ந்த அவர் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். நோயாளரின் பதிவேடுகளைப் பேணி, அவர் தம் பின்வரலாற்றை ஆண்டுதோறும் விசாரித்துக் குறித்து வைத்தார். குடும்பங்களில் வழிவழியாக வரும் குடற்கட்டி நோய்பற்றிய பெயர்பெற்ற பதிவேடும் அவர் கையால் வளர்ந்ததே. முதுமையிற் கலாநிதிப் பட்டமும் பெற்று, 1975இல் அந்நோய்பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். பட்டத்தோடு கல்வி முடிவதில்லை என்பதற்கும், பட்டமின்மையால் ஆராய்ச்சி தடைப்படுவதில்லை என்பதற்கும் அவர் வாழ்க்கை சான்றாகும்.

மூன்று எழுத்துக்கள்

பத்தாண்டு உழைப்பின் பயன் 1932இல் வெளிவந்தது. 215 நோயாளரின் குடற்பகுதிகளை ஆராய்ந்து டியூக்ஸ் நோயை மூன்று வகுப்பாகப் பிரித்தார். குடற்சுவரினுள்ளேயே அடங்கியது ஏ வகுப்பு. சுவரைக் கடந்து அயலிழையங்களிற் புகுந்தும் கணுக்களை அடையாதது பி வகுப்பு. கணுக்களை அடைந்தது சி வகுப்பு. அதே வைத்தியசாலையின் சத்திரவைத்தியரான லொக்கார்ட்-மம்மரி முன்னரே இத்தகைய பிரிவொன்றைக் கூறியிருந்தார். ஆயின் நுணுக்குக்காட்டியின் சான்றினால் அதற்கு உறுதியான அடிப்படை அமைத்தவர் டியூக்ஸ் அவர்களே. 1935இல் கபிரியேல் என்னும் சத்திரவைத்தியரோடும் பஸ்ஸியோடும் சேர்ந்து அவர் சி வகுப்பை மேலும் இரண்டாக்கினார். கட்டிக்கு அண்மையிலுள்ள கணுக்கள் மட்டும் நோயுற்றவை சி1 எனவும், சத்திரவைத்தியர் குருதிக்கலனைக் கட்டிய உச்சியிலுள்ள கணுவும் நோயுற்றவை சி2 எனவும் பெயர் பெற்றன.

இப்பிரிவின் பெருமை அதன் எளிமையிலும், முன்கணிப்போடு அது கொண்ட தொடர்பிலும் உள்ளது. டியூக்ஸ், பஸ்ஸி ஆகிய இருவரும் 1958இல் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரின் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டனர். வேறு காரணங்களால் இறந்தோரை விலக்கிக் கணக்கிட்டபோது, சத்திரசிகிச்சைக்குப்பின் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தோர் ஏ வகுப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 98. பி வகுப்பில் 78. சி வகுப்பிலோ 32 மட்டுமே. சி வகுப்பினுள்ளும் வேறுபாடு பெரிதாக இருந்தது. ஒரே கணு நோயுற்றோருள் ஐந்தில் மூவருக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டு வாழ்ந்தனர். பத்துக்கு மேற்பட்ட கணுக்கள் நோயுற்றோருள் அவ்வாறு வாழ்ந்தோர் மிகமிகச் சிலரே. "யான் பிழைப்பேனோ?" என்னும் வினாவுக்கு முதன்முறையாக எண்ணால் விடை கிடைத்தது.

கணுக்கள் கற்பித்தவை

கணுக்களை வரைபடத்திற் குறித்தமையால் வேறு உண்மைகளும் புலனாயின. முதலாவது, பரவலில் ஓர் ஒழுங்கு உண்டு. பெரும்பாலும் நோய் முதலிற் குடற்சுவரை ஊடுருவுகின்றது. பின்னர் அண்மையிலுள்ள கணுவை அடைகின்றது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக மேலுள்ள கணுக்களுக்கு ஏறுகின்றது. இவ்வொழுங்கு ஒரு நற்செய்தியுமாகும். நோய்க்கும் அதன் முடிவுக்கும் இடையே படிகள் உள. ஒவ்வொரு படியிலும் தடுத்து நிறுத்தக் காலம் உண்டு.

இரண்டாவது, கணுவின் பருமனைக் கொண்டு நோயைத் தீர்மானித்தல் கூடாது. பருத்த கணு அழற்சியினால் மட்டும் பருத்திருக்கலாம். மிகச் சிறிய கணுவினுள்ளே நோய் ஒளிந்திருக்கலாம். சத்திரவைத்தியரின் விரலும் கண்ணும் கூறும் முடிவை நுணுக்குக்காட்டி மாற்றியதுண்டு.

மூன்றாவது, கீழ்நோக்கிப் பரவுதல் மைல்ஸ் எண்ணிய அளவுக்கு இல்லை. மேல்வழி முற்றாக அடைபட்டபோதே பெரும்பாலும் நோய் கீழ்நோக்கித் திரும்பிற்று. இவ்வுண்மையின் பயன் மிகப் பெரிது. கீழ்ப்பரவல் அரிதாயின், கட்டி குதத்துக்கு எட்டவுள்ள நோயாளருக்குக் குதத்தையும் அதன் இறுக்கித்தசையையும் அகற்ற வேண்டியதில்லை; கட்டியுள்ள பகுதியை நீக்கிக் குடலை மீண்டும் பொருத்தலாம். அமெரிக்காவில் மேயோ நிலையத்தைச் சேர்ந்த குளோட் டிக்சன் 1948இல் இத்தகைய சத்திரசிகிச்சை பெற்ற 400 நோயாளரின் வரலாற்றை வெளியிட்டு, இம்முறை தக்கதென நிறுவினார். வயிற்றிலே செயற்கை வாயிலோடு வாழ்தலினின்றும் எண்ணற்றோர் விடுபட்டனர். ஆய்வுகூடத்து மேசையிலே எண்ணப்பட்ட கணுக்கள் வாழ்வோரின் அன்றாட வாழ்க்கையை மாற்றின.

எழுத்துக்களால் விளைந்த குழப்பம்

புகழ்பெற்ற பெயரைப் பிறரும் எடுத்தாளுதல் இயல்பு. 1954இல் அமெரிக்கரான அஸ்லர், கொலர் என்போர் அதே எழுத்துக்களை வேறு பொருளில் வழங்கினர். அவர் கூறிய சி1 என்பது கணுக்கள் நோயுற்றும் கட்டி சுவரைக் கடவாதது. சி2 என்பது சுவரையும் கடந்தது. டியூக்ஸ் கூறிய சி1, சி2 என்பனவோ கணுவின் இடத்தைப் பற்றியவை. 1967இல் ரேண்புல் என்பவர், கல்லீரல் முதலிய தூர உறுப்புக்களை அடைந்த நோய்க்கு டி என்னும் நான்காம் எழுத்தைச் சேர்த்தார். இதனால் ஒரு நாட்டில் சி2 எனப்பட்டது மற்றொரு நாட்டுச் சி2 அன்று. பெயர் ஒன்றாயிருக்கப் பொருள் வேறானால் ஒப்பீடு பயனற்றுப்போம். இக்குறையை நீக்கப் பிரான்சு தேசத்துப் பியர் டெனுவா 1943 தொடக்கம் வகுத்த முறை உதவிற்று. கட்டியின் ஆழம், கணுக்களின் எண்ணிக்கை, தூரப்பரவல் என்னும் மூன்றையும் அது தனித்தனி குறிக்கின்றது. இன்று உலகெங்கும் வழங்குவது அம்முறையே. அதன்படி மூன்று வரை கணுக்கள் நோயுற்றமை ஒரு நிலை. நான்கும் அதற்கு மேலும் நோயுற்றமை அடுத்த நிலை.

எண்ணிக்கை முதன்மை பெறவே மற்றொரு வினா எழுந்தது. கணு நோயுறவில்லை என்று கூறுவதற்கு முன் எத்தனை கணுக்களைத் தேடிப் பார்த்தல் வேண்டும்? மூன்று கணுக்களை மட்டும் எடுத்து நோக்கி, நோயில்லை என்று எழுதினால், நான்காவது கணுவில் இருந்த நோய் மறைந்துபோம். அந்நோயாளர் பி வகுப்பினராக எண்ணப்பட்டு, சி வகுப்பினருக்குரிய முடிவை எய்துவர். 1990இல் சிட்னியிற் கூடிய அறிஞர் குழு குறைந்தது பன்னிரண்டு கணுக்களாவது ஆராயப்படல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. காணாமை வேறு, இல்லாமை வேறு என்னும் அடிப்படை உண்மையை இவ்விதி வற்புறுத்துகின்றது. முன்கணிப்பின் உண்மை, தேடுவோனின் சோர்வின்மையைச் சார்ந்து நிற்கின்றது.

உறையும் விளிம்பும்

கணுக்களே யாவற்றையும் தீர்மானிப்பன அல்ல என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ஒரே வகுப்பினரான நோயாளருள்ளும், ஒரு சத்திரவைத்தியரிடம் சென்றோருக்கு நோய் மீள்வது குறைவாகவும் மற்றொருவரிடம் சென்றோருக்கு மிகுதியாகவும் இருந்தது. இங்கிலாந்தில் பேசிங்ஸ்ரோக் நகரத்துச் சத்திரவைத்தியரான பில் ஹீல்ட் 1982இல் இதற்குக் காரணம் காட்டினார். நேர்குடலைச் சூழ்ந்த கொழுப்புறை கிழியாமல் முழுமையாக அகற்றப்படல் வேண்டும். உறை கிழியின் அதனுள்ளிருக்கும் கணுக்களும் நோய்த்துகள்களும் இடுப்பினுள்ளே எஞ்சிவிடும் என்பது அவர் கருத்து. லீட்ஸ் நகரத்து நோயியலறிஞரான பிலிப் குவேர்க் என்பவரும் அவர் துணைவரும் 1986இல் 52 நோயாளரின் குடற்பகுதிகளைக் குறுக்காக வெட்டி ஆராய்ந்து, பக்க விளிம்பில் நோய் எஞ்சியிருந்தமையே இடுப்பில் நோய் மீள்வதற்குப் பெரிதும் காரணம் எனக் காட்டினர். ஆகவே முன்கணிப்பு நோயின் இயல்பை மட்டுமன்றி, அதனை அகற்றும் கையின் திறனையும் பொறுத்தது.

மைல்ஸ் கூறிய பக்கவாட்டுப் பரவல் பற்றிய விவாதமோ இன்னும் ஓயவில்லை. உறைக்கு வெளியே இடுப்பின் பக்கச்சுவரிலுள்ள கணுக்களையும் அகற்றும் வழக்கத்தை யப்பானியச் சத்திரவைத்தியர் கைக்கொண்டனர். மேல்நாட்டார் பலர் அதனை ஏற்கவில்லை. 701 நோயாளரைக் கொண்டு யப்பானில் நடத்தப்பெற்று 2017இல் வெளியான ஆய்விலே, பக்கக்கணுக்களையும் அகற்றியோருள் நோய் அவ்விடத்தில் மீண்டது நூற்றுக்கு 7.4, அகற்றாதோருள் 12.6. கீழ்ப்பரவல் பற்றி மைல்ஸ் தவறினாராயினும் பக்கப்பரவல் பற்றி அவர் முற்றிலும் தவறினார் என்று கூறுவதற்கில்லை.

இக்காலத்து நிலை

டியூக்ஸ் காலத்திலே முன்கணிப்பு சத்திரசிகிச்சைக்குப் பின்னரே கூறத்தக்கதாயிருந்தது. இக்காலத்தில் எம்.ஆர்.ஐ. படத்தின் துணையாற் கட்டியின் ஆழத்தையும் உறையின் விளிம்பையும் கணுக்களையும் முன்னரே மதிப்பிடுகின்றனர். நோய் முற்றியிருப்பின் கதிர்ச் சிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும் முதலில் அளிக்கப்படுகின்றன. 2004இல் வெளியான ஜேர்மானிய ஆய்வில், இவை முன்னரே அளிக்கப்பட்டோருள் ஐந்தாண்டில் நோய் அவ்விடத்தில் மீண்டது நூற்றுக்கு 6. பின்னர் அளிக்கப்பட்டோருள் 13. சிலருக்கு இச்சிகிச்சையாலேயே கட்டி முற்றாக மறைந்துவிடுவதும் உண்டு. சிகிச்சையாற் கணுக்கள் சுருங்குவதால், பின்னர்க் கிடைக்கும் எண்ணிக்கை குறைதலும் உண்டு. பழைய கணக்கை அவ்வாறே பொருத்துதல் தகாது.

1958ஆம் ஆண்டு எண்களை இன்றைய நோயாளருக்கு உரியனவாகக் கொள்ளுதலும் தவறாகும். அன்று சி வகுப்பினருள் மூவருள் ஒருவரே ஐந்தாண்டு கடந்தனர். முழுமையான சிகிச்சை கிடைக்கும் இடங்களில் இன்று அவ்வகுப்பினருள் அரைப்பங்கிற்கு மேற்பட்டோர் அதனைக் கடக்கின்றனர். மேலும், எந்த எண்ணும் ஒரு கூட்டத்தைப் பற்றியதேயன்றித் தனி மனிதனைப் பற்றியதன்று. நூற்றுக்கு 32 என்பது அக்கூட்டத்துக்கு உண்மை. அதனுள் ஒருவனுக்கோ வாழ்வு முழுமையாகவே உண்டு, அல்லது இல்லை. ஆகவே எழுத்தையும் எண்ணையும் தீர்ப்பாகக் கொள்ளாது, சிகிச்சையைத் தெரிந்தெடுக்கும் வழிகாட்டியாகவே கொள்ளுதல் முறை.

இவ்வரலாற்றின் முடிந்த பொருள் ஒன்றே. ஏ வகுப்புக்கும் சி வகுப்புக்கும் இடையிலுள்ள தூரம் பெரும்பாலும் காலத்தின் தூரம். அக்காலத்தை மனிதர் இழப்பது பலமுறை நாணத்தினாலாம். மலத்தோடு குருதி போதலை மூலநோய் என்று தாமே தீர்மானித்துத் திங்கட் கணக்கில் மறைத்து வைப்போர் எந்நாட்டிலும் உளர். சல்மன் ஏழு படுக்கைகளோடு வைத்தியசாலை தொடங்கிய காலத்தில் இருந்த அந்நாணம் இன்றும் முற்றாக நீங்கவில்லை. நோய் படிப்படியாகவே ஏறுகின்றது என்பதை டியூக்ஸ் அவர்களும் பஸ்ஸியும் பல்லாண்டு உழைத்து நிறுவினர். நோய் முதற்படியில் நிற்கும்போதே வைத்தியரை நாடுவோனுக்கு அவர்களின் உழைப்பு முழுப்பயன் அளிக்கும்.